தெருக்கூட்டும் கொள்கை: கூட்டிய கிலோமீட்டரை அளப்பதா, மிஞ்சிய தூசியை அளப்பதா?

#1 ஓரக்கல் (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்ச நாளாக வெவ்வேறு நகரங்களின் தெருக்கூட்டும் கொள்கைகளைத் தேடிப் படித்து வருகிறேன். படித்தவரை எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. முக்கியச் சாலை தினமும், கடைத்தெரு தினமும், குடியிருப்புத் தெரு வாரத்துக்கு இத்தனை நாள் என்று ஓர் அட்டவணை. அதன் கீழே ஆள் எத்தனை, வண்டி எத்தனை, மாதம் எத்தனை கிலோமீட்டர். அவ்வளவுதான்.

கூட்டுவது எதற்காக என்று மட்டும் ஒரு வரி இருப்பதில்லை. காகிதமும் இலையும் கண்ணில் படாமல் போனால் போதுமா? மூச்சில் ஏறும் தூசி குறைய வேண்டுமா? மழை வந்தால் மண்ணும் அழுக்கும் வடிகாலில் இறங்காமல் இருக்க வேண்டுமா? இந்த மூன்றும் மூன்று வேலைகள். ஒன்றுக்குச் சரியான கருவியும் நேரமும் இன்னொன்றுக்குச் சரியாக இருக்காது.

கூட்டிய நீளத்தை விட்டுவிட்டு, கூட்டி முடித்த பிறகு தெருவில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் கொள்கை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த நகரமும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மாதிரி வரைவை இங்கே சேர்ந்து எழுதிப் பார்க்கலாமா? களத்தில் இருந்தவர்கள் வந்து சொன்னால் பெரிய உதவி.

#2 நடைபாதை

நல்ல முயற்சி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். எல்லாத் தெருவையும் தினமும் கூட்டிவிட்டால் இந்தக் கேள்விகளே எழாதே? ஆளும் பணமும் போதவில்லை என்பதுதானே உண்மையான சிக்கல்?

#3 வண்டல்

நடைபாதை அவர்களே, நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். மழைநீர் வடிகால் வேலையில் பல வருடம் இருந்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

முதலில் தூசி எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1972இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமைக்காக சார்ட்டர், பாய்ட் என்ற இருவர் பல நகரங்களின் தெரு அழுக்கை அள்ளி, நிறுத்து, சலித்துப் பார்த்தார்கள். மொத்த அழுக்கில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சாலை விளிம்பில் பதிக்கும் ஓரக்கல்லை ஒட்டிய ஆறு அங்குலத்துக்குள் கிடந்தது. வண்டிகள் ஓடும் வேகத்தில் நடுச்சாலைத் தூசி தானாகவே ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. அதனால் நடுவில் எத்தனை முறை ஓட்டினாலும் பெரிய பலன் இல்லை. அந்த ஆறு அங்குலத்தைத் தொடாமல் போன வண்டி அந்தத் தெருவைக் கூட்டவில்லை என்றே நான் சொல்வேன்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, எனக்கு அதுதான் முக்கியம். 43 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான மிக நுண்ணிய துகள், எடையில் பார்த்தால் மொத்தத்தில் சுமார் 6 சதவீதம்தான். ஆனால் கன உலோகங்களில் பாதிக்கு மேல் அந்த 6 சதவீதத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேக் தேய்ந்து விழும் செம்பு, டயர் தேய்ந்து விழும் துத்தநாகம் போன்றவை நுண்தூசியோடுதான் பயணம் செய்கின்றன. அந்தக் காலத்துத் தூரிகை வண்டிகள் கல்லையும் மணலையும் நன்றாக வாரின, இந்த நுண்தூசியைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. பார்த்தால் தெரு பளிச்சென்று இருக்கும். விஷம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

1983இல் அமெரிக்காவில் நாடு தழுவிய மழைநீர் ஆய்வு ஒன்று முடிந்தபோது, தெருக்கூட்டுவதால் மழைநீரின் தரம் பொதுவாக உயரவில்லை என்றுதான் முடிவு சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு கூட்டுவதே வீண் என்று பேசுபவர்களும் உண்டு. அது தவறு. சோதித்தது அன்றைய தூரிகை வண்டிகளை. அதற்குப் பிறகு வந்த உறிஞ்சு வண்டிகளும், காற்றைச் சாலையில் ஊதி அதே காற்றை மறுபடி இழுத்துக்கொள்ளும் வண்டிகளும் நுண்தூசியை இன்னும் நன்றாக எடுக்கின்றன. ஆனால் அவற்றையும் மெதுவாக ஓட்ட வேண்டும், மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 8 கிலோமீட்டர். கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுத்துவிட்டு ஓட்டுநர் மெதுவாகப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது.

#4 பழைய பீட்

வண்டல் ஐயா சொன்ன கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன். நான் துப்புரவு மேற்பார்வையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டபோது என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். இரவில் காலியான சாலையில் வண்டி பறக்கும். ஜி.பி.எஸ். காட்டும் நீளம் சரியாக இருக்கும், பில்லும் சரியாக இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் ஓரத்தில் மண் அப்படியே கோடு போட்டதுபோல் கிடக்கும். இதைப் பார்த்துவிட்டு மேலிடத்தில் எடைக்குப் பணம் என்று மாற்றினார்கள். உடனே எடை கூடியது. எப்படி? கட்டட வேலை நடக்கும் இடத்தில் குவிந்து கிடக்கும் மணலை அள்ளிக்கொண்டு வந்தார்கள், தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக் கொண்டுவந்து நிறுத்தார்கள். ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எதை அளக்கிறோமோ அதுதான் கிடைக்கும்.

ஆட்களின் பீட் கணக்கிலும், அதாவது ஒருவர் கூட்ட வேண்டிய தெருப்பகுதியைப் பிரிப்பதிலும், இதே தவறுதான். ஒருவருக்கு இத்தனை மீட்டர் என்று எல்லாருக்கும் ஒரே அளவு. மரமே இல்லாத அகலமான சாலையும், இருபுறமும் மரமும் கடையும் பேருந்து நிறுத்தமும் உள்ள தெருவும் ஒரே நீளமாக இருக்கலாம். வேலை ஒன்றா? மூன்று மடங்கு வித்தியாசம் வரும். மரம் உள்ள தெரு யாருக்கு விழும் என்பது மேற்பார்வையாளரின் விருப்பு வெறுப்பைப் பொறுத்தது. நானும் அந்த அதிகாரத்தில் இருந்தவன்தான், சில சமயம் நியாயமாக நடக்கவில்லை என்பது இன்றும் மனதில் இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தனி ஆளிடம் விடாமல், பீட் எப்படிப் பிரிக்கப்படும் என்பதைக் கொள்கையிலேயே எழுதி வெளியிட வேண்டும்.

#5 மூச்சுக்காற்று

எனக்கு ஆஸ்துமா உண்டு. அதனால் நேரம் பற்றி மட்டும் பேசுகிறேன்.

காய்ந்த தெருவை ஈர்க்குத் துடைப்பத்தால் வீசிக் கூட்டினால் தூசி தரையை விட்டு என் மூக்குயரத்துக்கு வருகிறது. மக்கள் வேலைக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் கிளம்பும் நேரத்தில் இது நடந்தால், கூட்டாமல் இருந்திருந்தாலே எனக்கு நல்லது. உலகச் சுகாதார அமைப்பு 2021இல் திருத்திய வழிகாட்டுதலில் 10 மைக்ரான் துகளுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. தெருத்தூசி அந்தக் கணக்கில் நேராகப் போய்ச் சேரும் பொருள்.

எத்தனை முறை என்பதைவிட எத்தனை மணிக்கு, எப்படி என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்குக் கவலை. லேசாக நீர் தெளித்த பிறகு கூட்டலாமே?

#6 வண்டல்

தெளிக்கலாம், அளவோடு. தண்ணீர் அதிகமானால் நுண்தூசி குழம்பாகிச் சாலையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சியும் வராது. காய்ந்ததும் திரும்பக் கிளம்பும். "புழுதி எழாத அளவு ஈரம், நீர் ஓடாத அளவு ஈரம்" என்று நாங்கள் சொல்வோம்.

#7 விடியற்காலை

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா இருபத்தாறு வருடம் தெருக்கூட்டியவர்.

நீங்கள் எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறீர்கள். ஆனால் மூச்சுக்காற்று அவர்கள் இரண்டு நிமிடம் கடந்துபோகும் அந்தப் புழுதிக்குள் அம்மா ஆறு மணி நேரம் நின்றார். சாலை மண்ணில் சிலிக்கா இருக்கிறது. நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கினால் ஆறாத தழும்பு உண்டாகும் என்பது மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். அம்மாவுக்குக் கொடுத்தது ஒரு துணி முகமூடி. அதையும் வெயிலில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க முடியாமல் கழற்றிவிடுவார்.

அடுத்தது துடைப்பத்தின் கைப்பிடி. குட்டையான துடைப்பத்தால் குனிந்தே கூட்டிக் கூட்டி அம்மாவின் இடுப்பு போய்விட்டது. ஒரு நீளமான கழி சேர்த்துக் கட்டினால் நிமிர்ந்து நின்று கூட்டலாம். அம்மா தானே ஒரு கழியைத் தேடிக் கட்டிக்கொண்டார், அதுவும் கடைசி ஐந்து வருடம்தான். இருபத்தோரு வருடம் யாருக்கும் அது தோன்றவில்லை.

அட்டவணையில் "காலை 5 மணி முதல்" என்று ஒரு வரி எழுதுவது சுலபம். அந்த வரிக்காக அம்மா மூன்றரைக்கு எழுந்திருப்பார். இருட்டில் சாலை ஓரம் நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஒளிபட்டால் மின்னும் சட்டை வேண்டும், கழிப்பறை வேண்டும், போய்வர வண்டி வேண்டும். இரவிலோ விடியலிலோ கூட்டலாம் என்று கொள்கை சொல்லுமானால், இவற்றையும் அதே பத்தியில் சொல்ல வேண்டும். பின்னிணைப்பில் எழுதினால் நடக்காது.

#8 பழைய பீட்

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீளக் கழி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் கேட்டபோது "துடைப்பம் வாங்க மட்டும்தான் செலவுத் தலைப்பு இருக்கிறது, கழிக்குத் தலைப்பு இல்லை" என்று கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள்.

#9 நிழல்சாலை

நிறுத்தி வைத்த வண்டிகளைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. அழுக்கு ஓரக்கல்லில் இருக்கிறது, கார்களும் ஓரக்கல்லில்தான் நிற்கின்றன. ஒரு கார் நின்றால் அதன் நீளம் மட்டும் போகாது, கூட்டும் வண்டி விலகி வெளியே வந்து மறுபடி உள்ளே திரும்ப முன்னும் பின்னும் இடம் விட வேண்டும். மூன்று கார் இடைவெளி விட்டு நின்றால் ஒரு தெருவின் ஒரு பக்கமே போய்விடும்.

இது இன்றைய சிக்கலும் இல்லை. நியூயார்க்கில் 1895இல் ஜார்ஜ் வாரிங் என்பவர் தெருச் சுத்தத் துறையின் பொறுப்புக்கு வந்தார். கூட்டுபவர்களுக்கு வெள்ளை உடை கொடுத்தவர் என்றுதான் பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இரவெல்லாம் குதிரை அவிழ்த்துத் தெருவிலேயே விட்டுச்செல்லும் வண்டிகளை அகற்ற வைத்தார். வண்டி நிற்கும் தெருவைக் கூட்ட முடியாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. அதே நகரம் 1950இல் தெருவின் ஒரு பக்கம் ஒரு நாள், மறுபக்கம் இன்னொரு நாள் என்று வண்டி நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தது, கூட்டுவதற்கு வழி விடுவதற்காகத்தான்.

வாரம் ஏழு நாள் கார்களைச் சுற்றிக் கூட்டுவதைவிட, வாரம் ஒரே நாள் காலி ஓரத்தைக் கூட்டுவது மேல் என்பேன்.

#10 நடைபாதை

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, நன்றி. தினமும் கூட்டுவது தானாகவே நல்லதில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அபராதம் போட்டு வண்டியை எடுக்கச் சொன்னால், வேறு இடம் இல்லாத ஏழைக்குத்தான் அடி விழும். பலகை வைத்து, முந்தின நாள் குறுஞ்செய்தி அனுப்பி, கூட்டும் வண்டி உண்மையிலேயே வரும் என்ற நம்பிக்கையை முதலில் கொடுக்க வேண்டும். வண்டியை எடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தும் யாரும் கூட்ட வராத தெருவில் நான் குடியிருந்திருக்கிறேன். மூன்றாவது வாரம் யாரும் எடுக்கவில்லை. அதில் என்ன தவறு?

#11 நிழல்சாலை

அதில் தவறே இல்லை. முதல் சில மாதம் அபராதம் கூடாது, கூட்டும் வண்டி சொன்ன நாளில் வரவில்லை என்றால் அந்த வாரத்துக்கும் அபராதம் கூடாது. இதையே விதியாக வைக்கலாம்.

#12 ஓரக்கல்

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மிஞ்சியதை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சாலைத்தூசி காற்றில் எவ்வளவு கலக்கும் என்று கணக்கிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. அதில் போடும் எண்கள் முக்கியமாக இரண்டு: வண்டிகளின் சராசரி எடை, சாலையில் கிடக்கும் நுண்தூசி. நுண்தூசி என்றால் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூசி, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று. அளக்கும் முறை எளிது. சாலையில் ஒரு பரப்பைக் குறித்துக்கொண்டு அதை உறிஞ்சு கருவியால் முழுக்க எடுத்து, காய வைத்து, சலித்து, நிறுத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டும் முன் ஒரு முறை, கூட்டிய பின் ஒரு முறை. அந்த இரண்டாவது எண்தான் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். வைத்து ஏமாற்றலாம், ஈர மணலை வைத்து ஏமாற்றலாம். கூட்டாத தெருவில் தூசி இல்லை என்று காட்டுவது கடினம்.

#13 பழைய பீட்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐயா, எந்தத் தெருவில் அளப்பார்கள் என்று ஒப்பந்ததாரருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அந்தத் தெரு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். சீட்டுக் குலுக்கித் தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அன்று காலையில்தான் பெயர் வெளியே வர வேண்டும். அளப்பவர் ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த எண் கூடிவிட்டது என்று கூட்டுபவரின் கூலியில் கை வைக்கக் கூடாது. வழியில் மண் லாரி கொட்டிக்கொண்டு போயிருக்கும், குழி தோண்டி மூடாமல் விட்டிருப்பார்கள். தூசி வந்த வழியைத் தேடாமல் துடைப்பம் பிடித்தவரைத் தண்டிப்பது பெரும் பாவம்.

#14 வண்டல்

மிகச் சரி. தார்ப்பாய் போடாத மண் லாரி, சாலை ஓரத்தில் கல் பதிக்காத வெறும் மண் தரை, கட்டட வேலையில் இருந்து சக்கரத்தோடு வரும் சேறு: இந்த மூன்றையும் அடைத்தாலே கூட்டும் வேலை பெரிதும் குறையும். கூட்டும் கொள்கையில் இதற்கு இடம் இல்லை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

இலை பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில் அந்நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனம் செய்த சோதனை 2016இல் வெளியானது. இலையுதிர் காலத்தில், ஒவ்வொரு மழைக்கும் முன்னால் தெருவின் இலையை முழுக்க எடுத்தார்கள். மழைநீரில் போன பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்தது. இலை நீரில் ஊறினால் தேயிலைபோல் சாறு இறங்கும், அந்தச் சாறு ஏரிக்குப் போய்ப் பாசியாகும். மழைக்குப் பிறகு எடுத்தால் சக்கைதான் மிஞ்சும். ஆகவே தேதி பார்த்துக் கூட்டுவதைவிட வானிலை அறிவிப்பைப் பார்த்துக் கூட்டுவதற்கு அட்டவணையில் இடம் வேண்டும்.

#15 மூச்சுக்காற்று

அந்த இலையை ஓரமாகக் குவித்துத் தீ வைப்பதையும் வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். கூட்டியதெல்லாம் புகையாகத் திரும்பி வந்தால் என்ன பயன்?

#16 நிழல்சாலை

நேரம் பற்றி ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் இருந்தபோது, தன் வீட்டு வாசலில் உடல்நலம் குன்றிய ஒரு ஏழைப் பெண் கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தெரு முழுவதையும் கூட்டினால் ஒரு ஷில்லிங் தருவதாகச் சொன்னார். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியவர் பன்னிரண்டு மணிக்கு வந்து கூலி கேட்டார். பிராங்க்ளின் நம்பாமல் ஆளை அனுப்பிப் பார்த்தார், தெரு முழுக்கச் சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் லண்டன் தெருக்களுக்கு அவர் ஒரு திட்டம் எழுதினார். அதில் இரண்டு யோசனைகள் இன்றும் பொருந்தும். வறண்ட காலத்தில் கடைகளும் சன்னல்களும் திறப்பதற்கு முன்பே கூட்டிவிட வேண்டும். சேற்றைக் குவித்து விட்டுவைக்கக் கூடாது, வண்டிச் சக்கரம் அதை மறுபடி பரப்பிவிடும்.

#17 ஓரக்கல்

இதுவரை பேசியதை வைத்து வரைவு எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

"தெருக்கூட்டுவதன் நோக்கம் நுண்தூசியைக் குறைப்பது, மழைநீரில் அழுக்கு கலப்பதைத் தடுப்பது, தெருவை நடக்க ஏற்றதாக வைப்பது. எத்தனை தடவை கூட்டுவது என்பது தெருவின் மரம், போக்குவரத்து, கடை ஆகியவற்றைப் பொறுத்து முடிவாகும். பீட்களும் அதே அடிப்படையில் பிரிக்கப்பட்டு, பட்டியல் வெளியிடப்படும். ஒப்பந்ததாரருக்கான பணம், குலுக்கலில் தேர்ந்தெடுத்த தெருக்களில் கூட்டிய பின் மிஞ்சும் நுண்தூசியின் அளவைப் பொறுத்தது. அந்த அளவு கூட்டுபவரின் கூலியைப் பாதிக்காது. இயந்திரம் செல்லும் தெருக்களில் ஓரம் காலியாக இருக்கும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அன்று கூட்டும் வண்டி வராவிட்டால் அபராதம் இல்லை. மழை அறிவிப்பு இருந்தால் இலை உதிரும் தெருக்களுக்கு முன்னுரிமை. காய்ந்த தெருவில் ஈரப்படுத்தாமல் கூட்டுவதும், இலையை எரிப்பதும் கூடாது. இரவிலும் விடியலிலும் வேலை செய்வோருக்கு நீளக் கைப்பிடித் துடைப்பம், தூசியைத் தடுக்கும் தரமான முகமூடி, ஒளிரும் மேலாடை, கழிப்பறை, போய்வர வாகனம் ஆகியவை வேலை தொடங்கும் முன் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்."

#18 நடைபாதை

கூட்டும் தடவை எவ்வளவு என்பதையும் பட்டியலோடு சேர்த்து மக்களுக்குத் தெரியும்படி வையுங்கள். மற்றபடி இதை நான் மனதார ஏற்கிறேன்.

#19 விடியற்காலை

அம்மாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். கைப்பிடி வரியை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். முகமூடி எல்லாருக்கும்தானே, பகலில் கூட்டுபவர்களையும் சேர்க்கச் சொல் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கூட்டிக் குவிச்சு வெச்சதை அள்ள வண்டி எத்தனை மணிக்கு வரும்னு எழுதியிருக்காங்களா? வண்டி வர்றதுக்குள்ள காத்தடிச்சுப் பாதிக் குவியல் பறந்துடும். திரும்ப நான்தான் கூட்டுவேன்."

#20 ஓரக்கல்

எழுதவில்லை. பிராங்க்ளின் பற்றிய பதிவைப் படித்த பிறகும் எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது இரண்டையும் சேர்த்துவிட்டேன்: முகமூடியும் கைப்பிடியும் எல்லா நேர வேலைக்கும். குவியல் ஒரு மணி நேரத்துக்குள் அள்ளப்பட வேண்டும், வண்டி தாமதமானால் அதே இடத்தை மறுபடி கூட்டும் நேரமும் வேலை நேரமாகவே கணக்கில் வரும். ஒரு மணி நேரம் என்பது சரியா, அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

#21 விடியற்காலை

கேட்டேன். காற்று இல்லாத நாளுக்கு ஒரு மணி நேரம் சரி என்கிறார். காற்று அடிக்கும் நாளில் குவிக்கவே கூடாதாம், கையோடு தள்ளுவண்டியில் அள்ளிவிட வேண்டுமாம். அதற்கு ஒவ்வொரு பீட்டுக்கும் மூடி உள்ள தள்ளுவண்டி ஒன்று வேண்டும், சக்கரம் உருளும் வண்டியாக இருக்க வேண்டும் என்றும் எழுதச் சொன்னார்.